நூற்றேழாம் நம்பர் சிவப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள தையல்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நம் வாலுவும் நலந்தானே. நேற்றுப் போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். பிள்ளை காதில் விழச் சண்டை கூடாது, சண்டையெல்லாம் கடிதத்தில்தான் என்பது நீங்கள் போட்ட சட்டம். இது சண்டைக் கடிதம், உட்கார்ந்து படியுங்கள்.

உங்களைப் பார்த்துவிட்டுப் போன அக்கா எனக்குப் போன் செய்தாள். "நாலு வயசாகப் போகுது, உன் பொண்ணுக்கு ஒரு எழுத்து தெரியலடி. அவரு பாட்டுக்கு மெஷின் மிதிக்கிறாரு, இவ கீழ உக்காந்து துணியக் கிழிச்சுக்கிட்டு இருக்கா" என்கிறாள். அவள் மகன் இதே வயதில் உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் ஒப்பிக்கிறானாம். மூளை வளர்ச்சிக்கென்று நான் வாங்கி அனுப்பிய டேப்லெட் அலமாரி உச்சியில் கிடக்கிறதாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே குழந்தைகள் வார்டில் நான் அதைத்தான் செய்கிறேன். முதல் ஐந்து வருஷம் முக்கியம் என்று தாய்மாருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன். என் பிள்ளை அங்கே தானே வளர்ந்தால் போதுமா?

ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வரவழைத்துப் பார்த்துத்தானே சேர்ப்பார்கள். அதில் தேறாவிட்டால் அக்கா வீட்டில் விட்டுவிடுவோம். பக்கத்திலேயே பயிற்சி வகுப்பு இருக்கிறதாம். இங்கே என்னை இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு ஒரு வழி தெரிந்தால்தான் நான் பதில் சொல்ல முடியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நர்ஸம்மா


பிப்ரவரி 16

என் நர்ஸம்மாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். என் பிழைப்பே உட்கார்ந்த பிழைப்பு.

டேப்லெட்டை மேலே வைத்தது நான்தான். கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பவில்லை, வாயில் சாப்பாடு இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை, ராத்திரியெல்லாம் புரண்டாள். எடுத்து வைத்த பிறகுதான் "இது என்னப்பா, அது ஏம்ப்பா" என்று பழையபடி என் உயிரை வாங்குகிறாள். அந்தத் தொல்லை எனக்கு வேண்டியிருக்கிறது.

அவள் துணியைக் கிழிக்கவில்லை. சின்னக் கத்தரியால் நான் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேலேயே வெட்டுகிறாள். நாளைக்கு எழுதப் போகும் விரல்கள் அவை. பட்டன் டப்பாவைக் கொட்டி இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை என்று பிரிப்பாள். பயப்படாதே, என் ஒரு கண் அவள் மேல்தான். நானும் "இப்ப காலர் வைக்கிறேன்டி, இப்ப திருப்பறேன்" என்று பேசிக்கொண்டேதான் தைக்கிறேன். சீருடை வாங்க வருகிறவர்கள் எனக்குக் கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போவேன். மண்ணில் புரண்டு வருவாள். குளித்து, கீரையோ முட்டையோ சாப்பிட்டு, ஒரு கதை கேட்டுத் தூங்கிவிடுவாள். கதையில் ஒரு வரி தாண்டினால் பிடித்துக்கொள்கிறாள்.

முந்தாநாள் விரலில் ஊசி ஏறி முகம் சுளித்தேன். விரலைப் பிடித்து ஊதிவிட்டு, "அழுதுக்கோப்பா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். இதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பாய். சொல்லிக்கொள்.

பள்ளிக்கூடத்தில் தேறாவிட்டால் நீ சொன்னபடியே செய்வோம். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்.

உன் தையல்காரன்


மார்ச் 2

அன்புள்ள காக்கைக்கு,

அவள் ஊதிவிட்டதைப் படித்து, மருந்து அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஊதத் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள். எழுத்து வேண்டாம், நிறமாவது தெரியுமா? குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை அவள். அந்தப் பயம் என்னை இன்னும் விடவில்லை. அக்கா ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள்.

நர்ஸம்மா


ஏப்ரல் 11

என் நர்ஸம்மாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாலு தேறவில்லை.

என்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூட்டிப் போனார்கள். நடந்ததை அப்புறம் டீச்சர் சொன்னார். கதை சொல்லச் சொன்னதும் சொன்னாளாம். ஒற்றைக் காலில் குதித்தாளாம். பிறகு சிவப்பு அட்டையைக் காட்டி என்ன நிறம் என்றிருக்கிறார். "நூத்தி ஏழு" என்றாளாம். பச்சைக்கு "அறுபத்தி நாலு". எண்ணைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கிறேன் என்றதற்கு, "நிறந்தான் டீச்சர் சொல்றேன்" என்று சாதித்தாளாம். நிறம் தெரியவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கடையில் சிவப்பு நூல் கேட்டால் ஒரு பெட்டி நிறையச் சிவப்பைக் கொட்டுவான். அதனால் நான் எப்போதும் நூல்கண்டில் ஒட்டியிருக்கும் நிற நம்பரைத்தான் சொல்வேன். "வாலு, அந்த நூத்தி ஏழ எடு" என்றே பழக்கிவிட்டேன். சிவப்பு என்று ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. நம்பர் ஒட்டிய பக்கத்தை மறைத்து எல்லாக் கண்டையும் தரையில் பரப்பிக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கிற இரண்டு நீலத்தை அவள் இருந்த இடத்திலிருந்தே பிரித்தாள்.

மறுநாள் போய் விளக்கினேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் இடம் நிரம்பிவிட்டதாம். அடுத்த வருஷம் இவள்தான் முதல் ஆள் என்றார்.

உனக்குக் கொடுத்த வாக்குப்படி அவள் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று, தேறவில்லை என்று எழுதுகிறபோதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது. நீ சொல், செய்கிறேன்.

உன் தையல்காரன்


ஏப்ரல் 24

என் அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெரிய டாக்டர், "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். "என் பொண்ணு டாக்டர்" என்று நான் சொன்ன மிடுக்கைப் பார்த்து மற்ற நர்ஸுகள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

அந்த அறையில் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொல்லி அக்காவிடம் பேசிவிட்டேன். "ரெண்டு பேருமா சேந்து பிள்ளையக் கெடுக்கிறீங்க" என்றாள். "கெட்டுப் போகட்டும்க்கா, அழகாத்தான் கெட்டுப் போறா" என்றேன். போனை வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் அவளே கூப்பிடுவாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எழுத்து தெரியவில்லையே என்று நான் பயந்தது பாதிதான். நான் பக்கத்தில் இல்லாமலே இவ்வளவு நன்றாக வளர்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா வீட்டில் வளர்ந்தால், நான் ஏற்பாடு செய்ததால் வளர்ந்தாள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

இங்கே இனிமேல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் வருகிறேன். பள்ளிக்கூடம் இல்லாத இந்த ஒரு வருஷம் எனக்காகத்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறேன். மடித்து வைத்த துணிகளை எடுத்து அலமாரியில் வையுங்கள்.

அவளுக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் நம்பரை மறக்க விட்டுவிடாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது எனக்கும் புரிய வேண்டும். வந்ததும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் கண்டிலிருந்து கற்றுக்கொள்கிறேன். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லி வையுங்கள்.

வாலுவின் அம்மா