உன் வேன் பினாங்கு போய் வந்தது

அண்ணே, என் ஆசை அண்ணே,

நீ ஓட்டிய வேன் நேற்றுக் கடல் பார்த்துவிட்டு வந்தது. அம்மா இதையெல்லாம் உன் படத்தின் முன் நின்று சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. வேன் செமோர் வீட்டு வாசலிலேயே நின்றது. அண்ணி மட்டும் வாரம் ஒருமுறை அதைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். பயணிகளை ஏற்றும் லைசென்ஸ் அவர் எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். காம்பாரிலிருந்து ஒருவர் வேனை விலைக்குக் கேட்க, அம்மா தலையாட்டிவிட்டார். அன்றைக்குத்தான் அண்ணி வாய் திறந்தார்.

"விக்காதீங்க அத்தே. நான் ஓட்டுறேன்."

ஒரே ஒரு பயணம் போய்ப் பார்ப்போம், பிறகு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று நான் இடையில் புகுந்தேன். பள்ளி விடுமுறைக்கு நீ கூட்டிப்போவாயே, அதே அக்கம்பக்கத்துப் பெண்கள், அதே வழி. தண்ணீர்மலைக் கோயில், ஜார்ஜ்டவுன் சுவர் ஓவியங்கள், கடைசியில் பத்து பெரிங்கி கடற்கரை.

புறப்படும்போது டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழங்களோடு அண்ணி நின்றார். கோயிலுக்குப் போகிற வண்டிக்குத் தாலி இறங்கியவள் பழம் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுச் சரசக்கா மெதுவாகத்தான் கேட்டார். எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா பழங்களை வாங்கித் தானே குனிந்து வைத்தார். அப்பா போய் இருபது வருஷமாகிறது என்பதை அம்மாவிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஆனால் அண்ணியின் முகத்தை அம்மா பார்க்கவும் இல்லை. அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

தைப்பிங் தாண்டியதும் சரசக்கா, இது வேனா மாட்டு வண்டியா என்றார்.

"எறங்கி நடந்து வாங்கக்கா. மலையடியில காத்திருக்கேன் லா," என்றார் அண்ணி. வேனே சிரித்தது. அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் அண்ணி படி ஏறவில்லை. ஓவியத் தெருவிலும் இறங்கவில்லை. உன்னைப்போலவே வண்டியோடு இருந்துவிட்டார்.

கடற்கரையில் எங்கள் மூவரைத் தவிர எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலுக்கு ஓடிவிட்டார்கள். அம்மா சாப்பாட்டுப் பையைத் திறந்தார். எல்லாருக்கும் புளிச்சோறு. ஒரு பொட்டலம் மட்டும் தனியாக இருந்தது. சோறு தின்றால் ஸ்டியரிங்கில் தூக்கம் வரும் என்று நீ சொல்வாயே, அதற்காக அம்மா உனக்குச் செய்யும் சர்டின் சம்பல் ரொட்டி. கோயில் நாளில் அடுப்பில் மீன் வாசமே ஆகாது என்பவர், விடியலில் எழுந்து, ஓட்டுபவருக்கு வழக்கமாகச் செய்வதைக் கை போன போக்கில் செய்து கட்டியிருக்கிறார்.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அண்ணி முகர்ந்து பார்த்தார்.

"அத்தே, கோயிலுக்கு மீனு வந்திருக்கு."

அம்மா பொட்டலத்தைப் பிரித்து அண்ணி கையில் வைத்தார். "வண்டியிலதானே இருந்துச்சி. நீதான் மலை ஏறலயே. சாப்பிடு," என்றார். பிறகு முன்சீட்டில் ஏறி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். "காம்பார்காரனுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிடு. வண்டி ஓடுதுன்னு."

அண்ணி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை முறை எங்களை இந்தக் கடலுக்குக் கூட்டி வந்திருப்பாய். ஒருமுறையாவது நீ கால் நனைத்தாயா? நாங்கள் கேட்டதே இல்லை, அண்ணே. ஈரக்காலோடு வந்து உன் வண்டியில் ஏறி, மணலைக் கொட்டிவிட்டு, தூங்கிக்கொண்டே செமோர் வந்து சேர்ந்தோம்.

சாவியை அண்ணியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவரும் அம்மாவும் கைகோத்தபடி அலைவரை போனார்கள். அண்ணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை உன் சீட்டிலிருந்து பார்த்தேன்.

அடுத்த மாதம் தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு குழு லூமுட் கடற்கரைக்குப் போகக் கேட்டிருக்கிறது. நானும் போகிறேன். இனி எந்தக் கடற்கரையிலும் வண்டியைப் பார்த்துக்கொள்ள நான் இருப்பேன். ஓட்டியவர்தான் முதலில் தண்ணீரில் இறங்குவார். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னை ஒருநாளும் வண்டியிலிருந்து இறங்கச் சொல்லாத,
உன் தங்கச்சி