பதிமூன்று பல்

ஜூலை 6, ஞாயிறு

காற்று பலம். வெயிலும் குறையவில்லை. காலை எட்டுக்கு வீடு வந்து சேர்ந்தேன், ஒன்பது மாதம் கழித்து. சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டது. போர்வெல் போடும் ரிக் வண்டி நிற்கிறது, எங்களுக்கு ஒரு மாத லீவு.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "வந்துட்டயா சாமி." முகம் உப்பல். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. ஏன் என்று கேட்டதற்கு, "கொசுத் தொல்லைங்க" என்று என் மனைவி கோமதி முந்திக்கொண்டாள்.

செய்ய வேண்டியவை: கூரை ஷீட். ரேஷன் கார்டு. பல் வலிக்கு டாக்டர். பைக் சர்வீஸ்.

சாயங்காலம் கறி வாங்கப் பைக்கை எடுத்தேன். தூசியோடு கிடக்கும் என்று நினைத்திருந்தேன். துடைத்து வைத்திருந்தது. பின் டயர் புதுசு. கிளட்சை விட்டதும் வண்டி எகிறிப் பாய்ந்தது. வேலிக்குள் போயிருப்பேன், மயிரிழையில் தப்பினேன். முதல் கியரில் அப்படி ஒரு இழுவை. மெயின் ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் இன்ஜின் அலறுகிறது. என் வண்டிதானா? நிறுத்தி நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான்.

கோமதியிடம் கேட்டேன். "நின்ன வண்டிதானுங்க. நாலு நாள் ஓட்டுனாச் சரியாப் போயிரும்." கறியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 7, திங்கள்

பல் டாக்டர் நாளைக்கு. முதலில் மெக்கானிக் சண்முகம் பட்டறை. வழக்கமாக அவனிடம்தான் விடுவது. யாரோ வண்டியை நோண்டியிருக்கிறார்கள் என்றேன். சிரித்தான்.

"நம்ம வேலைதானுங்ணா. முன்னாடி செயின் மாட்டற பல்சக்கரத்துல பதினாலு பல்லு இருந்துச்சு, பதிமூணு போட்டேன். பின்னாடி நாப்பத்திரெண்டுக்கு நாப்பத்தஞ்சு. ஸ்பீடு கொறையும், ஆனா பிக்கப் கூடும். ஆள வெச்சுக்கிட்டு வாய்க்கா மேட்டுல ஏறோணும்னு அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஊட்டுல சொல்லலீங்களா?"

"நீ சொல்லு."

"கோமதியக்கா தானுங்ணா ஓட்டறாங்க. செவ்வாய், வெள்ளி. உங்கப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

டயாலிசிஸ். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டு நின்றேன். பட்டறையில் ஓடிய கம்ப்ரசர் சத்தம் மட்டும் காதில். பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றாலும் பர்ஸை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. கோமதிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரிந்த கோமதிக்கு.

வீட்டுக்கு வந்து அப்பாவின் சட்டைக் கையை நானே மடித்தேன். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. ஊசித் தழும்புகள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத வெட்கம்.

அப்பா: "நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். ரிக்குல ராடு மாட்டறவன் மனசு வேற எடத்துல இருக்கலாமா? உங்கூட நின்னவனுக்கு மூணு வெரலு போச்சே. அத நீதான போன்ல சொன்ன?"

சொன்னேன்.

கோமதி கத்தவில்லை. "சொல்லியிருந்தா ரெண்டாம் நாள் வந்து நின்னிருப்பீங்க. வந்து என்னங்க பண்ணுவீங்க? அழுவீங்க. நான் அதையும் பாக்கோணும்."

மாசி மாதத்திலிருந்து நடக்கிறதாம். விடியற்காலை ஆட்டோ ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பஸ் ஸ்டாப் வரை அப்பாவால் நடக்க முடியாது. கோயில் மைதானத்தில் சண்முகத்தின் பெண்டாட்டி பத்து நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பழைய பல்சக்கரத்தோடு மேட்டில் பாதியில் இன்ஜின் நின்றுவிடும். ஒரு நாள் பின்னால் உருண்டு இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். சைலன்சர் சுட்ட தழும்பு. உள்ளங்கை அகலம்.

சாப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே தூறல், உடனே விட்டது. கோமதி சுடிதாரில் வந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவை பார்க்கிறேன். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து ஒரு வேட்டியால் சுற்றி முடிச்சுப் போட்டாள். அப்பா பழக்கப்பட்டவர் மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தார். நானும் ஏறப் போனேன்.

"நீங்க பஸ்ல வாங்க. மூணு பேருன்னா மேடு ஏறாது."

கீழே நின்று பார்த்தேன். கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, குலுங்காமல் ஏறிப் போனாள். எனக்கு எகிறிய அதே வண்டி.

நாமக்கல் ஆஸ்பத்திரி. நர்ஸ் கேட்டார், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

"மகன்."

"மகன் இருக்காரா? மகள் மட்டுந்தான்னு நெனச்சேன்."

"அது மருமகளுங்க" என்றார் அப்பா, படுத்தபடி. நர்ஸ் கோமதியை மேலும் கீழும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நாலு மணி நேரம். குழாயில் ரத்தம் போவதும் வருவதும். கோமதி நாற்காலியில் தூங்கிவிட்டாள்.

பல் டாக்டரிடம் போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். இன்று நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம். வேட்டி முடிச்சைக் கோமதி போட்டுவிட்டாள். மேடு தொடங்கும் இடத்தில் பழைய பழக்கத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி பாய்ந்தது. அப்பாவின் தாடை என் முதுகில் இடித்தது. அவர் விரல்கள் என் வயிற்றைக் கவ்விக்கொண்டன. குழந்தை பிடிப்பது மாதிரி. நிறுத்தினேன்.

"மெதுவா சாமி. ஆக்சிலேட்டரு தொட்டாப் போதும், அதுவே இழுத்துக்கும். அவ அப்படித்தான் பண்ணுவா."

இரண்டாவது முறை ஏறிவிட்டது. வழியெல்லாம் நாற்பதுக்கு மேல் போகவில்லை.

அவரைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து வேறொரு நர்ஸிடம் தனியாகக் கேட்டேன். "நான் கிட்னி குடுக்கலாமுங்களா?"

"டாக்டரப் பாருங்க. உங்க வீட்டுல இருந்து ஏற்கெனவே ஒருத்தர் வந்து கேட்டாங்களே."

"யாருங்க?"

"உங்க சம்சாரம். ரெண்டு மாசம் இருக்கும். மருமகள்னா அனுமதியெல்லாம் வாங்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு முன்னாடி ரத்தத்தப் பாத்தாங்க. அவங்களுது பி, சேரல."

பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். குடித்தேன். அப்புறம் டாக்டர் அறைக்குப் போய் வரிசையில் நின்றேன்.

என் ரத்தம் ஓ பாசிட்டிவ். அப்பாவுக்கும் அதுவே. மற்றப் பரிசோதனைகளுக்குத் திங்கள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் கோமதி நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதைப் பற்றிக் கேட்டேன்.

"கேட்டேன், சேரலன்னாங்க. அதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது?"

என் ரத்தம் சேர்ந்ததைச் சொன்னேன். உடைக்கிற கை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம நான் ஓட்டறேன். வெறும் வயித்தோட நீங்க ஓட்ட வேண்டாம்."

சரி என்றேன்.