வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லேத்து

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
7-7-1969.

அன்புள்ள அண்ணனுக்கு,

கலாவதி எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்தீர்களே, அது போதும். அண்ணி சுகமா? இங்கே உங்கள் மாப்பிள்ளையும் குழந்தையும் நானும் சுகம். ஆனால் இரண்டு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போவேன், கோர்வையாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

முதலில் காரியம். அவருக்கு ஒரு சின்ன லேத்து வேண்டும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருக்கிறார். ஆடுகிறவர்களுக்குப் புள்ளி எண்ணிச் சொல்லும் வேலை. அங்கே முனை உடைந்தும் பாலிஷ் போயும் மூலையில் கிடந்த, பந்து தட்டும் கோல்களில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சரி செய்தார். இப்போது வேலூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும்கூட அனுப்புகிறார்கள். மெஷினில் இரண்டு விரல் போனபின் வலது கையில் இருப்பது மூன்று விரல்தானே, கோலை விலாவோடு இடுக்கிக்கொண்டு இடது கையால்தான் உப்புத்தாள் தேய்க்கிறார். புது மரம் ஒட்டிய இடம் உருண்டையாக வராமல் ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. ஆடுகிறவர் விரலில் அது தட்டுமாம். லேத்து கோலைப் பிடித்துச் சுற்றினால் தேய்க்க ஒரு கை போதும் என்கிறார். சத்தத்துக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்தத் தெருவில் தறிச் சத்தத்தில் எல்லாம் போய்விடும்.

இரண்டு லேத்து பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று பெரிய காஞ்சிபுரத்தில் கட்டில் கால் கடையும் முனிசாமியுடையது. முழுக் கோலும் கிடக்கிற அளவுக்கு நீளம், ஆனால் சுற்றும்போது மரத்தைக் கவ்வும் சக் ஆடுகிறது. இன்னொன்று உங்கள் சென்னையிலேயே, மின்ட் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய இயந்திரக் கடையில் இருக்கிறது. குட்டையானது, ஆட்டமே இல்லையாம். சக்குக்குப் பின்னால் இருக்கும் துவாரத்தில் கோலின் அடிப்பக்கம் நுழைந்தால் நீளம் பற்றிக் கவலையில்லை. நுழையுமா என்றுதான் தெரியவில்லை. அவர் போய்ப் பார்த்த அன்றைக்கு அளந்து பார்க்கக் கையில் கோல் இல்லை. அடிப்பக்கத்தைச் சுற்றி அளவெடுத்து, முடிச்சுப் போட்ட பட்டு நூலை இதோடு வைத்திருக்கிறேன்.

மச்சான் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்கிறார். அந்த மெஷின் பக்கமே போகவேண்டாம் என்று நான் அழுதேன். அதற்கு அவர், "மச்சான் பொறுக்கி எடுத்த மெஷின்னா நான் பயமில்லாம கை வெப்பேன். அன்னிக்கு முழுக்கை சட்டையோட கிட்ட போனது நானு. சுவிட்சு போட்ட மச்சான் மேல என்னாம்மா தப்பு இருக்குது?" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உங்களிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. நீங்கள் சாத்துக்குடிப் பையோடு நின்றிருந்தீர்கள். இனிமேல் எங்கள் கண் முன்னால் வராதே என்றேன். வாங்கக்கூட இல்லை, பையைத் தள்ளிவிட்டேன். நீங்கள் வெட்கப்பட்டு வராமல் இருப்பதாகத்தான் இரண்டு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணா, இன்னும் ஒன்று. அவரால் பேனா பிடிக்க முடியாததால் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். இந்த லேத்துக்காகச் சித்திரையிலிருந்து உங்களுக்கு மூன்று கடிதம் சொன்னார். மூன்றையும் எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை. டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கின்றன. நீங்கள் வந்தால் நான் சொன்னது வெளியே வந்துவிடுமே என்ற பயம். தினமும் கிளப்பிலிருந்து வந்ததும் தபால்காரர் வந்தாரா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். மச்சானுக்கு வேலை இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

முந்தாநாள் கேட்கவில்லை. நேராகப் போய் முனிசாமியிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முன்னால், இந்த வெள்ளிக்கிழமையே எடுத்து வரப்போகிறாராம். ஆடுகிற சக், மூன்று விரல் கை. உங்களிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் அவர் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார். வரவிடாமல் செய்தவள் நான்.

உலை பொங்கிவிட்டது, இறக்கிவிட்டு வந்தேன். குழந்தை தபால்பெட்டி வரை என்னோடு வருவேன் என்கிறது. இந்த முறை போட்டுவிடுவேன்.

இது கிடைத்ததும் கடைக்குப் போய் அளந்து பாருங்கள். பிறகு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரில் வாருங்கள். வியாழன் சாயங்கால பஸ்ஸானாலும் சரி. மூன்று கடிதமும் கிடைத்ததா என்று அவர் உங்களைத்தான் முதலில் கேட்பார். தபாலில் தவறிப்போயிருக்கும் என்று சொன்னாலும் சரி, உள்ளதைச் சொன்னாலும் சரி. நான் பக்கத்திலேயே நிற்பேன். வாருங்கள், அண்ணா.

உங்கள் தங்கை,
த. கலாவதி.