புது லைட் போட்ட பிறகும்

வெள்ளி, இரவு.

உடம்பெல்லாம் அலுப்பு. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

இவருடைய பழைய மொரிஸ் காருக்குப் புது ஹெட்லைட் போட்ட பிறகு இன்றுதான் முதல் இரவுப் பயணம். சிலாபத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு கற்பிட்டிக்குத் திரும்பினோம். "பழைய லைட்டுல ஒண்டுமே தெரியாது. இப்ப பாரு, பகல் மாதிரி" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் வீதி நன்றாகத்தான் தெரிந்தது.

பாலாவி தாண்டியதும் நடுவீதியில் கழுதைகள் நின்றன. வேகத்தைக் குறைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறைக்கவில்லை.

"இஞ்சருங்க, கழுத! நிப்பாட்டுங்க!"

கார் குலுங்கி நின்றது.

"கண்டேன் தானே, ஏன் கத்துற?" என்றார்.

வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தியும் இவர் இறங்கவில்லை.

"எத்தின கழுத நிண்டுச்சு?"

"மூணு. ஒண்டு குட்டி."

"எனக்கு ஒண்டுதான் தெரிஞ்சிச்சு."

இனி லைட்டைக் குறை சொல்ல வழியில்லை. கண் டொக்டரிடம் போவோம் என்றேன். ஓம் என்றவர், கார்ச் சாவியை என் கையில் வைத்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.