ரெசிஸ்டன்ஸ் யாருக்கு, அண்ணா?

என் ஆசை மாதேசு அண்ணனுக்கு,

நீ போன பிறகு ஊரில் ஒரே பேச்சுத்தான். "ஈரல் கெட்டுப் போச்சு, வேற என்ன?" குடித்துக் கெடுத்தாய் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். ஓசூர் கம்பெனியில் லேத் ஓட்டிய காலமெல்லாம் டீயைத் தாண்டி எதையும் தொடாதவன் நீ. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்திலேயே தங்கிக் கெடுத்த ஈரல் என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? எனக்கு வாயே வலிக்கிறது.

ஈரலை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. வயிற்றில் சேர்ந்த நீரை எடுக்கத்தான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எடுத்ததும் தெம்பாகிவிட்டாய், சட்னியில் உப்பில்லை என்று நர்ஸம்மாவிடம் வம்பு பண்ணினாய். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது. மாற்றி மாற்றி ஊசி போட்டும் இறங்கவில்லை.

டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "ரெசிஸ்டன்ஸ் ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொரோனா காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட வார்த்தை. அண்ணி உடனே பாரூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். "அத்தே, அவருக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாம். பயப்படாதீங்க." அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நீயும் என்னிடம், "பாத்தியா, யாரோட ஒடம்பு?" என்று சிரித்தாய்.

எதிர்ப்பு உனக்கில்லை அண்ணா, கிருமிக்கு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. மறுநாள் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அந்த டாக்டர் முதல் நாளே இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதனால் நீ பிழைத்திருக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது நடப்பதைக் கேள். கரும்புத் தோகை கிழித்து அம்மாவின் காலில் சீழ் பிடித்திருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி குறைந்ததுமே நிறுத்திவிட்டாள். பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாது என்று போனில் நான் கத்தினால், "நம்ம வம்சத்துக்கே ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்திடி. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க இல்ல?" என்கிறாள். உன்னைப் பற்றி அவளிடம் மிச்சமிருக்கும் பெருமை அது. அதனால்தான் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மனசு ஆறட்டும் என்று தள்ளிப்போட்டோம். புண் காத்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறுகிறேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அழுவாள், என்னைத் திட்டுவாள், உன்னை இன்னொரு தடவை பறிகொடுப்பாள். பரவாயில்லை. மாத்திரை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன்னைப் படுக்கவைத்த மாதிரி ஒரு கட்டிலில் அவளைப் படுக்க விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சித்ரா