படம் செத்த டிவியில் கேட்ட குரல்

கண்ணு, முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் சுகந்தி வால்பாறையில் டீச்சராகிவிட்டாள். என் பேரன் பீளமேட்டுக் காலேஜில் படிப்பு முடியும் முன்பே வேலை வாங்கிவிட்டான். பேத்தி சக்கர ஸ்கேட்டிங்கில் மாநில மெடல் ஜெயித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், இதை எழுதும்போது தெருவையே கூப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது.

இன்று மத்தியானம் பேத்தி டிவியில் ஐஸ் மேல் ஆடும் போட்டியைப் போட்டாள். குதித்தவள் ஒருத்தி இடுப்பு அடிபடத் தடாலென்று விழுந்தாள். அந்தச் சத்தத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

உன் புருசன் உடைத்த மணிக்கட்டோடு உடுமலைப்பேட்டையிலிருந்து நீ அக்கா வீடென்று என் வீட்டுக்கு வந்த காலம். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தான் பார்ப்பாய். ஒரே போட்டியை டிவியில் இங்கிலீஷில் பார்ப்போம். பிறகு பேத்தியின் போனில் ரஷ்யாக்காரி பேசுவதையும் ஜப்பான்காரன் பேசுவதையும் வைத்துப் பார்ப்போம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நீ ஆளுக்கு ஆள் எடை போட்டு வைத்திருந்தாய்.

"இங்கிலீஷ்காரன் அவ உழுகறதுக்கு முன்னாடியே கத்திப்போடறானுங்கக்கா. ரஷ்யாக்காரி உழுந்தவளையே வையறா, என்ர மாமியா மாதிரி. ஜப்பான்காரன்தானுங்க மனுசன். அவ எந்திரிக்கற வரைக்கும் வாயே தொறக்க மாட்டேங்கறான்."

கண்ணை மூடிக்கொண்டு, குரலை வைத்தே, விழுந்தாளா நின்றாளா என்று சொல்வாய். தப்பாது. ஜோடியாக ஆடும்போது ஆண் பெண்ணைத் தூக்கி எறிந்தால் மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாய்.

அப்படி ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்த காலையில்தான் உன் புருசன் தேங்காய் உரிக்கும் பாரையோடு உள்ளே வந்தான்.

"எந்திரிடி. ஊட்டுக்கு நட."

"வரமாட்டேன்."

பாரையை டிவியில் இறக்கினான். படம் செத்தது, குரல் மட்டும் நிற்கவில்லை. நான் குறுக்கே போனேன்.

"அவ வரமாட்டா. வெளிய போ."

பாரை என் தலைக்கு நேரே உயர்ந்தது. நீ மூலையில் கிடந்த பேத்தியின் ஸ்கேட் ஷூவை நல்ல கையால் கயிற்றோடு பிடித்துச் சுழற்றி அவன் வாயில் அடித்தாய். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலில் விழுந்தான். மறுபடி அடித்தாய். டைல்ஸெல்லாம் ரத்தம்.

"போதும் கண்ணு, செத்துப்போவான்!"

"பாரையை இன்னும் உடலீங்கக்கா."

அவன் விரல்கள் நசுங்கிப் பாரை உருளும் வரை அடித்தாய். கறுத்துக் கிடந்த டிவிக்குள் இங்கிலீஷ்காரன் கத்தினான், கூட்டம் கைதட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டே நீ சொன்னாய்: "நின்னுட்டாளுங்கக்கா."

போலீஸ் வந்தது, ஊரும் வாய்க்கு வந்ததைப் பேசியது. நீ திரும்பிப் போகவில்லை. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், அவன் இல்லை. நெஞ்சு எரியும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு நானும் கண்ணை மூடிக்கொண்டு, "எந்திரிச்சுட்டா" என்றேன்.

"எப்படீங்க ஆத்தா தெரிஞ்சுது?" என்றாள் பேத்தி. யாரிடம் கற்றேன் என்று சொன்னேன்.

சுவரில் மாட்ட உன் கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது. படமெடுக்கப் போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாயே. படத்திலிருந்து அவனைக் கத்தரித்து அடுப்பில் போட்டேன். உன் தோள் மேல் அவன் விரல்கள் மட்டும் மிச்சம். அதையும் வெட்டினால் நீயும் போய்விடுவாய். சுகந்திக்கு எழுதியிருக்கிறேன்: உங்கம்மா தனியாக நிற்கிற படம் எங்கேயாவது இருந்தால், புதிதாகப் பிரிண்ட் போட்டு உடனே தபாலில் அனுப்பு கண்ணு.