கோல் கம்பத்துக்குப் பின்னால்

மார்ச் 3

அன்புள்ள பெஞ்சு,

நலமா என்று கேட்டால், "நல்லா இல்லன்னா வந்து பாக்கப் போறியா?" என்று திட்டுவாய். அதனால் கேட்கவில்லை. பேப்பரில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. போன் திரையைப் பார்த்தால் இப்போதெல்லாம் கண் கூசுகிறது. வயசாகிறது, வேறொன்றுமில்லை.

பதினோரு வருஷம் எனக்கு ரிசர்வ் கீப்பராக உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? எங்கள் கீப்பர் நெட்டை விஷயம் கேள்விப்பட்டிருப்பாய். மூன்று வாரம் முன்பு கார்னர் பந்துக்கு எழும்பினான். எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இறங்கியது. டிவி வரும் மேட்சுக்கு மட்டும்தான் கிளப் டாக்டரைக் கூப்பிடும். அன்றைக்கு டிவி இல்லை. கீப்பிங் கோச் நான்தான் ஐஸ் பையோடு ஓடினேன். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ரெஃப்ரி வழக்கம்போல ஸ்கோர் என்ன என்று கேட்டார். நெட்டை சரியாகச் சொன்னான். எழுந்து இன்னும் இருபத்தாறு நிமிஷம் ஆடினான். முடிந்து பஸ் படியில் ஏறும்போது விழுந்தான். இன்றுவரை எதையாவது பிடிக்காமல் அவனால் நடக்க முடியவில்லை.

இருபதாம் தேதி கால்பந்து சங்கத்தில் விசாரணை. "தலைச்சுற்றலை வீரர் மறைத்தார்" என்று கிளப் வக்கீல் டைப் செய்து வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிலைக்கும். நம் காலத்திலும் இதுதான் வழக்கம், ஸ்கோர் சரியாகச் சொன்னால் ஆட விடுவார்கள் என்று நீ ஒரு கடிதம் எழுதிக் கொடு. பழைய கீப்பர் சொன்னால் எடுபடும்.

உன்,
சுவர்


மார்ச் 7

சுவருக்கு,

பார்சல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். "என்னய்யா, லவ் லெட்டரா?" என்றான் சூப்பர்வைசர். "மொத சம்சாரம் எழுதியிருக்கு," என்றேன்.

இந்தக் கிடங்கு முதலாளி ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. ஆனாலும் ஒருத்தன் தலையில் அட்டைப்பெட்டி விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஆட்டத்தில் ஸ்கோர் கேட்கிறீர்கள். மறைத்தான் என்று நீ கையெழுத்துப் போட்டால் கிளப் அவனுக்கு ஒரு மாத்திரைகூட வாங்கித் தராது. இது உனக்குத் தெரியாதா?

அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அந்த மழை அரையிறுதி. உன் தலை கம்பத்தில் மோதியது. நான் கம்பத்துக்குப் பின்னால் வார்ம் அப் செய்துகொண்டிருந்தேன். ரெஃப்ரி வந்து சேர்வதற்குள் நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான், நாம எந்தப் பக்கம் ஆடுறோம்?" என்று கேட்டாய். "ரெண்டு ஒண்ணு, நாமதான் மேல. கேட்டா சொல்லு," என்று கிசுகிசுத்தேன். நீ அதை அப்படியே ஒப்பித்தாய். ஆடினாய். பெனால்டியைத் தடுத்தாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன்.

உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நீ வெளியே வந்தால் நான் உள்ளே போக வேண்டும். அத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தான். அன்றைக்கு உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு நெட்டைக்குப் பின்னால் யார் நின்றது?

பெஞ்சு


மார்ச் 11

பின்னால் யாரும் நிற்கவில்லை. போதுமா?

நீ பயந்தாங்கொள்ளி என்பதற்காக என் மேட்சை ஏன் அசிங்கப்படுத்துகிறாய்? கேமரா வராத மேட்ச்தான். ஆனால் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கிறது. வலது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தட்டினேன். அதை வைத்துத்தான் கோச் வேலையே கிடைத்தது. என் பெண்ணுக்குத் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் சொல்லுவேன். ஒரு கிசுகிசுப்பில் அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

கடிதம் வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.


மார்ச் 16

சுவருக்கு,

வேண்டாம் என்றாலும் எழுதுவேன், பெஞ்சில் இருப்பவனுக்குப் பொறுமை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஒற்றை அறை. வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறார்கள். குழந்தையின் ரப்பர் பந்தை அவனிடம் மெதுவாகப் போட்டேன். கை ஒரு சாண் தள்ளிப் போனது. அவன் சிரித்துவிட்டு, "கோச் கிட்ட சொல்லிடாதீங்கண்ணே, திட்டுவார்," என்றான். அவன் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னொன்று. உன் கடிதத்தில் வரிகள் எல்லாம் கீழே சரிந்து ஓரத்தில் விழுகின்றன. நீ முன்பு அப்படி எழுத மாட்டாய். கண் கூசுவது வயசால் இல்லை. அந்தக் கம்பம் எவ்வளவு கெட்டி என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது காட்டு.

பெஞ்சு


மார்ச் 21

அன்புள்ள பெஞ்சு,

நேற்று விசாரணை முடிந்தது. நீளமான மேஜை, எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். வக்கீல் பேனாவைத் திறந்தே கொடுத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததைச் சொன்னேன். உன்னிடம் மறைத்தது அதைத்தான்.

ஐஸ் பையோடு குனிந்தபோது நெட்டை, "கோச், ரெண்டு பந்து தெரியுது," என்றான். மாற்று ஆட்கள் எல்லாரையும் இறக்கியாகிவிட்டது. அவன் போனால் கோலில் நிற்க ஆளில்லை. கோட்டுக்கு வெளியே மேனேஜர் கையை விரித்தார். நான் அவன் காதில், "ஒண்ணு ஜீரோ, நாமதான் மேல. கேட்டா சொல்லு," என்றேன்.

உன் கடிதத்தில் அதே வார்த்தைகளைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. அன்றைக்கு நீ கிசுகிசுத்தது எனக்கு நினைவே இல்லை, மச்சான். நீ சொன்னது எங்கோ உள்ளே கிடந்து என் வாய் வழியாக வந்திருக்கிறது.

நெட்டையின் சிகிச்சையைக் கிளப்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கிளப் என்னை உடனே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. மேனேஜர் அடுத்த மேட்சுக்கு ஆள் தேடுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகாது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்கேன். பயமாக இருக்கிறது.

ஒரு உதவி செய். மோதினதிலிருந்து தோளில் தூக்கினது வரை எனக்கு எதுவும் ஞாபகமில்லை. பெனால்டியை எந்தப் பக்கம் பாய்ந்து தடுத்தேன்? எல்லாரிடமும் வலது என்றே சொல்லி வருகிறேன். மறுநாள் வலது தோள் வலித்தது, அதை வைத்துச் சொன்னது.

சுவர்


மார்ச் 24

மச்சானுக்கு,

இடது. விரல் நுனியெல்லாம் இல்லை, முழங்கையில் பட்டு வெளியே போனது. நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். டாக்டர் கேள்வி கேட்கும்போது உன் பக்கத்திலேயே இருப்பேன், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். தெரிந்ததை நீயே சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

பெஞ்சு